விரதக்காரர் சாப்பிட்ட இரண்டாயிரத்து முந்நூற்றெண்பது கலோரி

எனக்குப் பிறகு அந்தத் தோட்டத்து மருத்துவ நிலையத்தைப் பொறுப்பேற்றிருக்கும் நிர்மலா போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்பு நிறத்தில் ஒரு மோதிரம். அதைப் போட்டுக்கொண்டால், நாம் சாப்பிடுவதை அதுவே கலோரியாகக் கணக்கிட்டுக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுமாம். எழுத வேண்டாம், நிறுக்க வேண்டாம், வாயைத் திறந்து சொல்லவும் வேண்டாம். சர்க்கரை நோயுள்ள தொழிலாளர்களுக்குக் கம்பெனி இதை வாங்கிக் கொடுக்கப் போகிறது.

"சார், இதுக்கு முந்தி கைப்பட்டை ஒண்ணு வந்துச்சாமே. அதப் பத்தி நீங்க எழுதி வச்சது ஃபைல்ல ரெண்டு பக்கம் இருக்கு. மூணாவது பக்கத்தக் காணோம். என்னா ஆச்சு?" என்று கேட்டிருந்தார்.

மூன்றாவது பக்கம் என்னிடம் இருக்கிறது. அது எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம். முப்பத்து மூன்று வருடச் சேவையில் வந்த ஒரே கடிதம் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஐம்பத்தேழு வயதில் விருப்ப ஓய்வு வாங்கி சிரம்பானில் உட்கார்ந்திருக்கிறேன்; நேரமும் இருக்கிறது, நாட்குறிப்புகளும் இருக்கின்றன. நிர்மலாவுக்கு வாட்ஸாப்பில் சொல்லி முடிகிற கதை அல்ல இது. அதனால் எழுதுகிறேன்.

என் பதவியின் பெயர் ஆஸ்பத்திரி உதவியாளர். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிரஸ்ஸர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று வருடப் பயிற்சியில் ஊசி போடவும் தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். ஒரு மனிதன் என்ன சாப்பிட்டான் என்று கண்டுபிடிக்க மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை. அதைக் கற்றுத் தந்தவர் புதன்கிழமைதோறும் தம்பின் பட்டணத்திலிருந்து வரும் டாக்டர் இராசநாயகம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில். நோயாளி உட்கார்ந்ததும் வியாதியைப் பற்றிக் கேட்க மாட்டார். "நேற்று விடியத்திலயிருந்து என்ன சாப்பிட்டனீர்?" என்பார். நோயாளி சொல்லி முடித்ததும், "அதுக்குப் பிறகு?" என்பார். அதையும் சொன்னதும் மறுபடி, "அதுக்குப் பிறகு?" மூன்று தடவை கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் கெட்டிப்பால் வெளியே வரும். ரொட்டி சானாய் வெளியே வரும். கோயில் சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். "அது பிரசாதங்க, சாப்பாடு இல்லியே" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டர் சிரிக்காமல் "பிரசாதம் - ஒன்றரைக் கிண்ணம்" என்று எழுதச் சொல்வார்.

ஒரு நாள் ஒரு நோயாளி "மூணு கரண்டி சோறு" என்றார். நான் அப்படியே எழுதினேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, "தம்பி, எந்தக் கரண்டி?" என்று கேட்டார். அடுத்த புதன்கிழமைக்குள் தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

அந்த வாரம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் போனேன். கையில் அளவுக் குவளையும் ஒரு போத்தல் தண்ணீரும். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியிலும் குவளையிலும் தண்ணீர் ஊற்றி அளந்து குறித்துக்கொண்டேன். மிகச் சிறிய கரண்டி நாற்பத்தைந்து மில்லி. மிகப் பெரியது நூற்றுப் பத்து. அதற்குச் சொந்தக்காரர்தான் "நான் ரெண்டே கரண்டிதான் சாப்புடுறேன், சக்கரை எறங்கவே மாட்டேங்குது" என்று வருடக்கணக்கில் அழுதுகொண்டிருந்தவர். தோட்டத்தில் எனக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று ஒரு பேச்சு, அரசாங்கம் கரண்டிக்கு லைசன்ஸ் போடப் போகிறது என்று இன்னொரு பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு என் நோட்டில் "மூன்று கரண்டி" என்று எழுதினால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

இப்படித்தான் ஏறத்தாழ முப்பது வருடம் ஓட்டினேன். டாக்டர் இராசநாயகம் ஓய்வு பெற்றுப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை வந்தது. லயத்துத் தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் போய், பதினோரு குடும்பங்கள் மிஞ்சின. பிறகு கைப்பட்டை வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் தொழிலாளர் உடல்நலத்துக்குப் பொறுப்பான கவின். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்தார். தோட்டத்து மண்டபத்தில் சர்க்கரை நோயாளிகள் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை. அதன் அடியில் பச்சை விளக்கு. நாம் சாப்பிட்டதும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறது, அதனால் தோலுக்கடியில் நீர் இடம் மாறுகிறது, அந்த நீரின் நடமாட்டத்தைப் பட்டை உணர்ந்து, உள்ளே போனது எத்தனை கலோரி என்று சொல்லிவிடுகிறது. விளக்கம் இவ்வளவுதான். நான் நாட்குறிப்பில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டேன். வியர்த்தால்? தண்ணீர் குடித்தால்? எந்தக் கரண்டி?

முதல் வரிசையில் இருந்த மாரியாயி கை தூக்கினார்.

"தம்பி, நான் தின்னது கோழியா கீரையான்னு இதுக்குத் தெரியுமா?"

"கொழுப்பு, புரோட்டீன் எல்லாமே தனித்தனியா காட்டும் ஆன்ட்டி."

"யாரு சமைச்சான்னு காட்டுமா?"

"அது காட்டாது ஆன்ட்டி."

"நல்லது லா. இல்லாட்டி எங்க மருமக இதக் கட்டவே விடமாட்டா."

மண்டபம் சிரித்தது. கவினும் சிரித்தார். பட்டை கட்டியவரின் வீட்டில் ஒருவர் கைப்பேசியில் அதே எண்களைப் பார்க்கும் வசதியும் இருக்கிறது என்றார். "குடும்பத்தோட சப்போர்ட் ரொம்ப முக்கியம் அங்கிள்." பெண்கள் வரிசையாக வந்து கைப்பேசியை நீட்டினார்கள். இவ்வளவு வேகமாக அவர்கள் தடுப்பூசிக்குக்கூட வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

முதல் வாரத்து அறிக்கை வண்ண வண்ணக் கோடுகளுடன் வந்தது. மாரியாயி துணி துவைத்துக்கொண்டே ஒரு தட்டு பிரியாணிக்குச் சமமானதைச் சாப்பிட்டிருந்தார். காவலாளி ஒருவர் கறிவிருந்துக்குப் போய்வந்த நாளில் பட்டினி கிடந்ததாகக் காட்டியது. அவர் மண்டபத்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொன்னார். இரண்டையும் எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பினேன். "ஆரம்பத்தில் உடலைப் பழகிக்கொள்ளப் பட்டைக்கு நாள் எடுக்கும்" என்று பதில் வந்தது. அதே கடிதத்தின் கீழே, பட்டை கட்டியவர்களுக்கு இனி வாராவாரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு வரி இருந்தது. நான் கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். அந்த வரிக்கு எதிராக ஒன்றும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விரலில் குத்த வரும்போது ஆட்கள் முனகுவார்கள். அந்த முனகல் நின்றது எனக்கும் வசதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இனி வேலாயுதம். டிராக்டர் ஓட்டுநர். நாற்பத்தாறு வயது. வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும் வேலை. டிராக்டருக்குக் கூரை கிடையாது. ஏழு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை. அவர் மகளுக்கு டெங்கி வந்து பிழைப்பது சந்தேகம் என்றிருந்தபோது, மூன்று தைப்பூசம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டாள். இரண்டு காவடி முடிந்தது. இது மூன்றாவது. ஒரு மண்டல விரதம். மாலையில் விளக்கேற்றிச் சாமி கும்பிட்ட பிறகு ஒரு வேளைச் சைவச் சாப்பாடு. பகலில் தண்ணீர் மட்டும்.

முந்தைய இரண்டு வருடமும் விரதம் தொடங்கியதும் காலை மாத்திரையைப் பாதியாக்கி மாலைச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தேன். அதற்கென டாக்டர் இராசநாயகம் விட்டுப்போன உத்தரவு என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. வயிறு காலியாக இருக்கும்போது அந்த மாத்திரை சர்க்கரையை இழுத்துக் கீழே கொண்டுபோய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

விரதத்தின் ஆறாம் நாள் மாத்திரை வாங்க வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மணிக்கட்டில் பட்டை.

"ஒரு வேளதான் ஐயா. போன வருசம் மாதிரியே."

நான் அறிக்கையைத் திருப்பினேன். வேலாயுதத்தின் பெயருக்கு நேராக, முந்தைய நாள் உட்கொண்டது இரண்டாயிரத்து முந்நூற்றெண்பது கலோரி.

"பகல்ல ஒண்ணுமே இல்லியா?"

"தண்ணிதான்."

"அதுக்கப்புறம்?"

"தண்ணிதான் ஐயா. வேற என்னாத்தச் சொல்லச் சொல்றீங்க?"

தீபாவளியின்போது இதே நாற்காலியில் உட்கார்ந்து "முறுக்கு ஒண்ணே ஒண்ணு" என்று சொன்ன ஆள் இவர். அது ஒன்றல்ல, ஒரு டின் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அது ஞாபகம் வந்தது. எதிரில் ஆள் இருக்கிறார். கையில் எண் இருக்கிறது. எண்ணை நான் முழுதாக நம்பவில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. அதைப் பாதியாகக் குறைத்தேன். பாதிக்குப் பாதி தப்பு என்று தள்ளினாலும் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு வருகிறதே, வயிறு காலி என்று சொல்ல முடியாதே என்று கணக்குப் போட்டேன். காலை மாத்திரையை மாற்றாமல் அப்படியே கொடுத்தனுப்பினேன்.

பொய்யான எண்ணில் பாதி உண்மையாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி சரோஜா வந்தார். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கைப்பேசியை மேசையில் வைத்தார். கடந்த எட்டு நாள் எண்களும் வரிசையாக இருந்தன. எல்லாமே இரண்டாயிரத்துக்கு மேல்.

"ஐயா, இது நெசமா?"

"இது கொஞ்சம் கூடக் காட்டும்."

"எவ்வளவு கூட?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே கேட்டார். "பாதியாவது நெசமா?"

"இருக்கலாம்" என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். "என் கையால ஆக்கிப் போட்டா ஒரு கரண்டிக்கு மேல வேணாங்குறாரு. பகல்ல மில்லுக்குப் போறப்ப வெளிய தின்னுட்டு வர்றாரு. கவிச்சியா என்னான்னு யாருக்குத் தெரியும். புள்ளைக்காக எடுக்குற வெரதம் ஐயா இது. மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும்." குரல் உயரவே இல்லை. "அவளுக்கு எதாச்சும் ஆனா?"

ஆகாதும்மா என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். அன்றைய நாட்குறிப்பில் "சரோஜா வந்தார், குடும்ப விஷயம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வழக்கமாக நான் அப்படிச் சுருக்கி எழுதுகிறவன் அல்ல.

விரதத்தின் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்குக் குலை ஏற்றும் வங்காளதேசத்துப் பையன்களில் ஒருவன் மோட்டாரில் வந்து, டிராக்டர் பாதையோர வடிகால் கானில் இறங்கிவிட்டது என்றான். பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்து போனேன். முன்சக்கரம் இரண்டும் கானுக்குள். பின்வண்டி நிமிர்ந்தே நின்றது. குலைகள் மட்டும் பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தன. வேலாயுதம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமையா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி போட்ருக்கான் டிரஸ்ஸர். கேட்டா ஒளர்றான்."

"மோந்து பாத்தீங்களா?"

"மோந்து பாத்தேன். வாசம் இல்ல. வோட்காவா இருக்கும்."

விரலில் குத்தினேன். இரண்டு புள்ளி ஒன்று. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து உதட்டருகே கொண்டுபோனேன். அவர் பற்களைக் கடித்துக்கொண்டார்.

"வேலாயுதம், வாயத் தொற."

"வெரதம்."

"இது மருந்து. சாப்பாடு இல்ல."

"இனிப்பு. வேணாம். புள்ள... வேணாம்."

தலையைத் திருப்பிக்கொண்டார். கைகால் ஓயத் தொடங்கிவிட்ட மனிதர் உதட்டை மட்டும் அவ்வளவு இறுக்கமாக மூடிவைத்திருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ராமையா தாடையைப் பிடித்துத் திறக்க வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். குனிந்து வேலாயுதத்தின் காதோரம், "முருகன் தீர்த்தம். பூசாரி குடுத்து அனுப்பினாரு. தீர்த்தத்த வேணாம்னு சொல்லக் கூடாது" என்றேன்.

உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். கை நடுங்கியது. அதில் ஊற்றினால் சிந்திவிடும் என்று குவளையை வாயில் வைத்தேன். முழுவதும் குடித்தார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது நான்கு புள்ளி ஆறு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "குலையெல்லாம் கொட்டிருச்சா ஐயா?" என்று கேட்டார்.

அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். பட்டை செய்தி அனுப்பியிருந்தது. இன்று காலை நீங்கள் ஆயிரத்து நூற்று நாற்பது கலோரி சாப்பிட்டிருக்கிறீர்கள், சற்று எழுந்து நடந்து வாருங்கள் என்று அதில் இருந்தது. கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர் என்சிக் ஷுக்ரி ஐம்பது வயதுக்காரர். எதையும் பத்து நிமிடத்தில் முடிக்க விரும்புகிறவர். கவின் கோலாலம்பூரிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்தார். கேள்வி ஒன்றுதான். வேலாயுதம் ஏன் மயங்கினார்? சாப்பிட்டும் மயங்கினார் என்றால் அவர் நோய் கட்டுக்குள் இல்லை. இனி டிராக்டரில் ஏறக் கூடாது, புல்வெட்டுக்குப் போக வேண்டும்.

"டேட்டா கிளியரா இருக்கு அங்கிள்" என்றார் கவின். "பத்து மணிக்குள்ள ஆயிரத்து நூத்து நாப்பது. நல்ல பிரேக்ஃபஸ்ட். உங்க ரத்த மெஷினத்தான் செக் பண்ணணும்."

"ரத்த மெஷின் தப்புன்னா குளுக்கோஸ் குடிச்சதும் அவர் ஏன் முழிச்சாரு?"

"அது... ரெஸ்ட் எடுத்ததால இருக்கலாம்."

"டிராக்டர் கானுக்குள்ள இருந்துச்சு கவின். அதுல யாரு ரெஸ்ட் எடுப்பா?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், பட்டைகள் மூன்று வேண்டும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு மூன்று பொட்டலம் வேண்டும் என்று கேட்டேன். பொட்டலம் என்றதும் மேனேஜர் சம்மதித்துவிட்டார்.

மருத்துவ நிலையத்திலிருந்து குழந்தை எடை பார்க்கும் தராசை எடுத்துவந்து மேனேஜர் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் இலையோடு நிறுத்தேன். பிறகு இலையைத் தனியாக நிறுத்துக் கழித்தேன். மூன்று பேரும் பட்டை கட்டிக்கொண்டோம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மேனேஜர் இரண்டு பொட்டலமும் ஒரு குவளை தே தாரேக் பால் தேநீரும் சாப்பிட்டார். கவின் ஒரு பொட்டலம். நான் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையிலிருந்தே சாப்பிடாமல்தான் வந்திருந்தேன். மாற்று ஓட்டுநரின் டிராக்டரில் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு பதினான்காம் எண் செம்பனைக் காட்டுக்குப் போய், வெயிலில் குலை ஏற்றும் வரை நின்று, மில் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஒரு மணி ஐம்பதுக்கு மூன்று பட்டைகளையும் மேசையில் வைத்துப் படித்தோம். மேனேஜர் சாப்பிட்டது நூற்றுத் தொண்ணூறு கலோரி. கவின் இருநூற்றைந்து. தண்ணீரைத் தவிர எதையும் தொடாத நான் தொள்ளாயிரத்து அறுபது.

மேனேஜர் தன் எண்ணை நீண்ட நேரம் பார்த்தார். "டிரஸ்ஸர், இது எனக்குப் பிடித்திருக்கிறது. என் மனைவியிடம் இதைக் காட்டுகிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, இன்னொரு பொட்டலம் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

கவின் சிரிக்கவில்லை. ஈரமாக இருந்த என் பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர்வைய சாப்பாடுன்னு எடுத்துக்குது" என்றார் மெதுவாக. பிறகு, "வேல செய்யச் செய்ய நெறையா சாப்பிட்டதாக் காட்டுது. அப்படியா அங்கிள்?"

"அப்படித்தான் தெரியுது."

"நான் என்ன ரிப்போர்ட் எழுதுறது? நானூறு தொழிலாளிங்களுக்கு வாங்கறதா இருக்கு."

"நடந்தத எழுதுங்க."

மேனேஜர் முடிவைச் சொன்னார். தப்பு பட்டையுடையது, வேலாயுதம் டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கியதும் டிராக்டருக்குத் திரும்பலாம், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே நான் தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

என் அறிக்கையில் இரண்டு பக்கம் பட்டையைப் பற்றி எழுதினேன். அதன் கடைசிப் பத்தியில், விரதக்காரருக்குக் காலை மாத்திரையை மாற்றும் உத்தரவு என்னிடம் இருந்தும் நான் மாற்றவில்லை என்றும், ரத்தம் சோதிக்கவில்லை என்றும், அவர் வாய்மொழியை விட்டுவிட்டு எண்ணில் பாதியை எடுத்துக்கொண்டேன் என்றும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதை ஏன் எழுதுகிறீர்? மெஷின் மேல் போட்டால் மெஷின் மறுத்துப் பேசாதே" என்றார். மாத்திரைச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து, பட்டையுடையது இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பிவைத்தார். மூன்று வாரத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டைக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அதன் அடுத்த பதிப்பில், எண்ணுக்கு முன்னால் "சுமார்" என்று ஒரு சொல் சேர்த்தார்களாம்.

ஆனால் கடிதத்துக்கு முன்னால், விசாரணை முடிந்த அன்று மாலையே, நான் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

ஆறரை மணி இருக்கும். வேலாயுதம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சரோஜா கதவருகே வந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே மேனேஜர் அறையில் நடந்ததைச் சொன்னேன். நான் பட்டினியாக இருந்து தொள்ளாயிரத்து அறுபது கலோரி சாப்பிட்டதைச் சொன்னபோது மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அந்த நம்பரு?" என்றார் சரோஜா.

"வேர்வைம்மா. அவர் வெயில்ல வேல செஞ்ச வேர்வ."

"பாதி நெசம்னு சொன்னீங்களே."

"பாதியும் இல்ல. ஒண்ணுமே இல்ல. நான் சொன்னது தப்பு."

"நான் படிக்காதவ. போனப் பாத்து நம்புனேன். ஒங்க கையில ஊசி இருந்துச்சு, ரத்தம் பாக்குற மெஷினு இருந்துச்சு. நீங்க எதப் பாத்து ஐயா நம்புனீங்க?"

பையிலிருந்து புது மாத்திரைச் சீட்டை எடுத்தேன்.

"விடு சரோஜா" என்றார் வேலாயுதம். "அவரும்தானே கான்ல எறங்கி என்னத் தூக்குனாரு." பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்தத் தீர்த்தம். பூசாரி குடுத்தாரா?"

அவருக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்ல வேலாயுதம். குளுக்கோஸ். நானே கரைச்சேன்."

அவர் முகம் மாறியது. பதினேழு நாள் காத்த விரதம், தான் அறியாமலே முறிந்துபோனதோ என்கிற பயம் அதில் தெரிந்தது. மகள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். மருத்துவ நிலையத்துச் சட்டங்களில் இதற்கு ஒன்றும் இல்லை.

சரோஜாதான் பேசினார். "மயங்கிக் கெடக்குற நேரத்துலயும் தீர்த்தம்னு சொன்னாதான் வாயத் தொறந்தீங்களாமே. மண்டோரு சம்சாரம் சொன்னா. அதுக்கு மேல ஒரு வெரதமா?"

நான் புது மாத்திரைச் சீட்டை வேலாயுதத்திடம் நீட்டி, காலையில் ஒன்றும் இல்லை, மாலைச் சாப்பாட்டோடு பாதி மட்டும், தினமும் காலையிலும் மாலையிலும் நானே வந்து விரலில் குத்திப் பார்ப்பேன், பகலில் தலை சுற்றினால் பால் குடித்தே ஆக வேண்டும் என்று விளக்கினேன். பால் என்றதும் அவர் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா தலையசைத்தார். அதன் பிறகுதான் சீட்டை வாங்கிக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. வேலாயுதம் நாற்காலியிலிருந்து எழுந்து, தீப்பெட்டிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். சரோஜா கைப்பேசியைப் பார்த்து நம்பிய நாளிலிருந்து, அவர் ஏற்றிவந்த சாமி விளக்கை வேலாயுதமேதான் ஏற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீங்க இருங்க" என்று சொல்லி, சரோஜா அவர் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.